ஆறு பாட்டில் எங்கே போயிற்று

புதன்கிழமை காலையும் அந்த எண் அசையவில்லை. இரண்டு புள்ளி எட்டு.

டிரைவருக்கு அது இப்போது தன் பஸ்ஸின் நம்பரைவிட நன்றாகப் பழகிவிட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் எண். மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரண்டு புள்ளி ஒன்பது இருந்தது. அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எட்டு பாட்டில் பொட்டாசியம் கையில் ஏற்றியாயிற்று. எட்டும் ஏறிய பிறகு, எண் ஒரு புள்ளி இறங்கி நின்றது.

"டேங்க்ல ஊத்த ஊத்த முள்ளு கீழ போகுதுன்னா, வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கணும்," என்று மனைவியிடம் சொன்னார்.

"குனிஞ்சு பாத்துட்டேன். கட்டிலுக்கு அடியில உங்க செருப்புதான் கெடக்கு. அதுவும் ஒத்தச் செருப்பு," என்றார் மனைவி.

சட்டைக் கம்பெனியில் காலர் சரிபார்ப்பது மனைவியின் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு காலரைத் திருப்பிப் பார்த்துப் பிசிறு கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணை இப்போது மூன்று வாரமாக இந்தப் பத்துக் கட்டில் வார்டின்மேல் வைத்திருந்தார். படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால்கூட இழுத்துவிடாமல் உட்காரமாட்டார்.

டிரைவர் இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். வண்டி ஓட்டும்போது அவருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. டிப்போவில் நின்றிருந்த வண்டியின் டயரை மாற்றுகிறவனுக்குக் கைகொடுக்கப் போனபோது ஜாக்கி நழுவியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு டிப்போச் சேற்றில் எட்டிப் பார்த்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கழித்துத் தையலோரம் கசிய ஆரம்பித்தது. சேற்றிலிருந்து ஏறிய கிருமி எலும்புக்குள் குடியேறியிருந்தது. தகட்டைக் கழற்றி, எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்திவிட்டு, நரம்பு வழியாக இரண்டு மருந்துகள் ஆரம்பித்தார்கள். ஒன்று எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இன்னொன்று காலையில் ஒரே ஒரு முறை.

கால் தேறிக்கொண்டுதான் வந்தது. கசிவு நின்றது, காய்ச்சல் விட்டது. ஆனால் கால் தேறத் தேற மனிதர் தளர்ந்தார். தலையணையைத் தானே தூக்கி வைக்க முடியவில்லை. சில சமயம் நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு, பழைய வண்டியில் கியர் நழுவுவதுபோல, நழுவிப் பிடித்தது.

அன்று ஒன்பது மணிக்கு எலும்பு டாக்டர் வந்தார். சுருக்கமாகப் பேசுகிற மனிதர். இதயத்தின் ஓட்டத்தைக் கோடுகளாக வரைந்த காகிதத்தைக் கையில் பிடித்திருந்தார்.

"இந்தப் பெரிய அலைக்குப் பின்னாடி ஒரு குட்டி அலை தெரியுதா? இது தெரியக் கூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் இதயம் மறுபடி சார்ஜ் ஆகணும். பொட்டாசியம் குறைஞ்சா அந்த சார்ஜ் இழுத்துக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல துடிப்பு தாறுமாறா ஓட ஆரம்பிச்சிடும். மருந்துதான் இதைச் செய்யுது. நாளைக்குக் காலையிலயும் ஏறலன்னா மருந்தை நிறுத்தறேன்."

"நிறுத்திட்டா காலு?" என்று மனைவி கேட்டார்.

"இந்தக் கிருமியை லேப்ல பதிமூணு மருந்து வெச்சுப் பாத்தாங்க. ரெண்டுக்குத்தான் அடங்குது. அந்த ரெண்டையும்தான் போட்டிருக்கோம். மருந்து இல்லாம அதை எலும்புல விட்டு வைக்க முடியாதும்மா." டாக்டரின் கை முழங்காலுக்குக் கீழே காற்றில் ஒரு கோடு போட ஆரம்பித்தது. பாதியிலேயே அதை இழுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டாக்டர் போனார். பிறகு மனைவி, இல்லாத ஒரு மடிப்பை விரிப்பிலிருந்து நீவி எடுத்தார்.

பத்து மணிக்கு ஒன்பதாவது பாட்டில் தொங்கியது. இந்தப் பாட்டில் ஏறும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டிலுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக்குழல். அதில் நீர் சொட்டுச் சொட்டாக விழும். இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஐந்நூறு மில்லி பாட்டில் நான்கு மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு விழ வேண்டும். குழலுக்குக் கீழே ஒரு சின்ன சக்கரம். அதை மேலே தள்ளினால் வேகம், கீழே இழுத்தால் நிதானம். சிஸ்டர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாற்பத்திரண்டுக்கு வைத்துவிட்டுப் போவார்.

பொட்டாசியத்துக்கு ஒரு குணம் உண்டு. மற்ற உப்புநீர்போல அது சத்தமில்லாமல் உள்ளே போகாது. நரம்பு நெடுக எரிந்துகொண்டே போகும். சூடான கம்பியை முழங்கைவரை செருகுவதுபோல இருக்கும். முதல் நாள் டிரைவர் பல்லைக் கடித்துப் பார்த்தார். பிறகு, அந்தச் சின்ன சக்கரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தார். சக்கரம் என்று ஒன்று கண்ணில் பட்டால் சும்மா இருக்கிற கை இல்லை அது. சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் சக்கரம் கொஞ்சம் கீழே இறங்கும். நாற்பத்திரண்டு சொட்டு முப்பதாகும். எரிச்சல் அடங்கும். சிஸ்டரின் தலை தெரிந்தால் பழையபடி ஏறிவிடும்.

சிஸ்டரின் காலணி சத்தம் போடாத வகை. அன்று காய்ச்சல் பார்க்கும் கருவியை மறந்து வைத்துவிட்டுப் போனவர் உடனே திரும்பி வந்தார்.

"டிரைவர் சார், உங்க இடது கை எங்க இருக்கு?"

"இங்கதான் சிஸ்டர்."

"இங்கன்னா?"

டிரைவரின் கை சக்கரத்தின்மேல் இருந்தது.

சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணினார். இருபத்தொன்பது. "எத்தனை நாளா நடக்குது இந்த டிரைவிங்?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

"சனிக்கிழமையிலேர்ந்து." சிஸ்டரின் முகம் சிவந்தது. "நாங்க இங்க மருந்து கெட்டதா, ரத்தம் எடுத்தது தப்பா, லேப் மெஷின் கோளாறான்னு மண்டையை உடைச்சுக்கறோம். நீங்க இங்க பிரேக் போட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் உடனே எலும்பு டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டரின் குரலில் இருந்த நிம்மதி கட்டில்வரை கேட்டது. "அப்ப அதான் விஷயம். மருந்து மேல பழி போட வேண்டாம். இனிமே ஒழுங்கா ஏத்துங்க. மருந்து ஓடட்டும். சனிக்கிழமை பாத்துக்கலாம்."

சனிக்கிழமை. மூன்று நாள் கிடைத்திருக்கிறது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டு வாங்கியதில் இவ்வளவு லாபம் அவருக்கு வாழ்க்கையில் இதுவரை கிடைத்ததில்லை.

"இருபத்திரண்டு வருஷம் ஸ்டாப்பிங் தவிர எங்கயும் நிறுத்தாத மனுஷன்," என்றார் மனைவி. "நிறுத்தினாலும் நிறுத்தினீங்க, நல்ல எடம் பாத்து நிறுத்தினீங்க."

"எரிஞ்சுதுடி."

"எரிஞ்சா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? ஹாரன் அடிக்க மட்டும் தெரியுமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும். சக்கரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் டாக்டரும் சிஸ்டரும் நினைத்துக்கொண்டதுபோல அவர் பாட்டிலை மூடிவைக்கவில்லை. பெரும்பகுதி உள்ளேதான் போயிருந்தது. எவ்வளவு போயிற்று என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். டீசல் முள்ளைப் பார்த்துப் பழகிய கண், பாட்டிலின் கோடுகளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னால் டாக்டர் என்ன சொல்வார்? உள்ளே போயும் ஏறவில்லையென்றால் தப்பு மருந்துமேல். மருந்தை நிறுத்து. பிறகு காற்றில் போட்ட அந்தக் கோடு.

எல்லாத் தப்பையும் தன் தலையில் போட்டுக்கொண்டால் கால் தப்பிக்கும். மலிவான விலைதான் என்று அவருக்குத் தோன்றியது.

பன்னிரண்டு மணிக்கு மருந்து மேடம் வந்தார். ஆஸ்பத்திரியின் மருந்தாளுநர் அவர். கீழே மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்கள் வேறு. இவர் புதனும் சனியும் வார்டு வார்டாகப் போய், யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு, அது இன்னொரு மருந்தோடு சண்டை போடுகிறதா, சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்கிறதா என்று பார்ப்பவர். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற வழக்கம் உண்டு. மற்றவர்கள் கட்டில் முனையில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். உட்கார்ந்தால் அவசரம் எதுவும் இல்லாதவர்போல இருக்கும்.

சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். மேடம் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. டிரைவரின் வலது கையைத் திருப்பி, ஊசி குத்திய இடத்துக்கு மேலே நரம்பு சிவந்து தடித்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா எரிஞ்சிருக்கும். எரியும்னு உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும். சொன்னா இன்னும் கொஞ்சம் தண்ணி சேத்துக் கொடுத்திருக்கலாம். வேற பெரிய நரம்பு பாத்திருக்கலாம்." பிறகு சிஸ்டர் எழுதிய தாளைப் புரட்டினார். "எட்டு பாட்டிலும் ஐந்நூறு ஐந்நூறுன்னு எழுதியிருக்கு."

"தொங்கவிட்டது ஐந்நூறுதான் மேடம்," என்றார் சிஸ்டர். "ரெண்டு மணிக்கு அடுத்த மருந்து போடணும். இருக்கறது ஒரே ஊசி. அதனால பாட்டில்ல மிச்சம் இருந்தாலும் இறக்கிடுவோம். சாயங்காலப் பாட்டிலும் ஷிஃப்ட் மாறறப்ப இறங்கிடும். மிச்சத்தைக் கீழ ஊத்திடுவாங்க." சொல்லச் சொல்ல அவர் குரல் தணிந்தது. "மிச்சம் எவ்வளவுன்னு எழுதல."

"எப்படி எழுதுவீங்க? இந்தத் தாள்ல அதுக்குக் கட்டமே இல்லையே. தொங்கினதுக்குக் கட்டம் இருக்கு, இறங்கினதுக்கு இல்ல. நானும்தான் இத்தனை வருஷமா இந்தத் தாளைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிஸ்டரின் தோள் சற்றே இறங்கியது. மேடம் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒரு விஷயம் புரியல சார். நீங்க பாட்டிலை அடைச்சே வெச்சிருந்தா, மருந்து போயிட்டே இருக்கற உடம்புல பொட்டாசியம் இந்நேரம் ரொம்பக் கீழ போயிருக்கணும். முழுசா ஏத்தியிருந்தா மேல வந்திருக்கணும். ரெண்டும் இல்லாம அதே எடத்துல நிக்குது. அதனால நிஜமாவே எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரிஞ்சாகணும். யாரும் எழுதி வைக்கல. ஆனா உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணுது."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஒரு காலரைத் திருப்பிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களா?"

மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நிறுத்தலாம். எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைக்க மாட்டேன். ஆனா தப்பான எண்ணை வெச்சுக்கிட்டு மூணு நாள் காத்திருந்தா, கால் இருக்கும், துடிப்பு இருக்குமான்னு சொல்ல முடியாது."

இந்தப் பெண்மணி தன்னிடம் தாஜா செய்யவில்லை என்பது டிரைவருக்குப் பிடித்திருந்தது. அதைவிட, ஒரு விஷயம் புரியவில்லை என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற ஒருவரை இந்தக் கட்டடத்தில் அவர் இப்போதுதான் பார்க்கிறார். முள் எங்கே நிற்கிறது என்று ஒரு மெக்கானிக் உண்மையாகக் கேட்கும்போது தப்பாகச் சொன்ன டிரைவர் இல்லை அவர்.

"சனிக்கிழமை காலை நூறு மிச்சம்," என்றார். "சாயங்காலம் நூத்தம்பது. ஞாயிறு நூறு, அப்புறம் இருநூறு. அன்னிக்கு ரொம்ப எரிஞ்சுது. திங்கள் நூறு, நூறு. நேத்து நூத்தம்பது, நூறு."

மேடம் எழுதிக்கொண்டே வந்தார். கூட்டிப் பார்த்தார். "ஆயிரம். சரியா ரெண்டு பாட்டில்." பேனாவை மூடாமல் அப்படியே பிடித்திருந்தார். "அப்ப ஆறு பாட்டில் உள்ள போயிருக்கு. ஆறு முழுப் பாட்டில். எங்க போச்சு அது?"

அந்தக் கேள்வியை அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தொலைந்த சாவியைத் தேடுகிறவர் வீட்டையே கேட்பதுபோல இருந்தது. ஆனால் முகத்தில் எரிச்சல் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கணக்கு பிசகியதால்தான் வந்த சந்தோஷம்.

"விரல் நுனியில மரமரப்பு இருக்கா? உதட்டுல?"

"விரல்ல இருக்கு. தூரப் பயணம் ஸ்டியரிங் பிடிச்சா வருமே, அது மாதிரி. உதட்டுலயும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதெல்லாம் ஒரு விஷயமான்னு சொல்லல."

"கெண்டைக்கால் இழுக்குமா?"

"நல்ல கால்தான் இழுக்குது," என்றார் மனைவி. "கெட்ட கால் பேசாம கெடக்கு."

மேடம் எழுந்து நின்றார். "சிஸ்டர், பிரஷர் பாக்கற பட்டையை இடது கையில கட்டுங்க. வழக்கத்துக்கு மேல கொஞ்சம் காத்து ஏத்தி மூணு நிமிஷம் அப்படியே வையுங்க. சார், கை மரத்துப் போகும், பயப்படாதீங்க."

பட்டை இறுகியது. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நிமிடத்தில், டிரைவர் ஏதும் செய்யாமலே, அவருடைய கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. மணிக்கட்டு வளைந்தது. மற்ற நான்கு விரல்களும் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டி, கை ஒரு பறவையின் அலகுபோல் கூம்பி நின்றது. அவர் விரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தன் கை தன் பேச்சைக் கேட்காமல் இருப்பதை இருபத்திரண்டு வருட டிரைவர் வாய்பிளந்து பார்த்தார்.

"விட்டுடுங்க சிஸ்டர், போதும்," என்றார் மேடம் அவசரமாக. பட்டை தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மேடம் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு வலிக்கறப்ப எனக்கு சந்தோஷமா இருக்கக் கூடாது. ஆனா இருந்துச்சு."

"என்னன்னு சொல்லுங்க, நாங்களும் சந்தோஷப்படறோம்," என்றார் மனைவி.

"கால்சியம் குறைஞ்சா கை இப்படி மடங்கும். பொட்டாசியமும் கால்சியமும் சேந்து குறைஞ்சு, ஏத்தினாலும் ஏறாம அடம் பிடிச்சா, ரெண்டுக்கும் பின்னாடி மூணாவதா ஒரு ஆள் இருப்பான். மெக்னீசியம். அதை யாரும் பாக்கல."

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் சீட்டை எடுத்தார். அதில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, யூரியா, கிரியாட்டினின் என்று அச்சடித்த கட்டங்கள் வரிசையாக இருந்தன. தினம் காலையில் அந்தக் கட்டங்களில் டிக் அடித்து ரத்தத்தை அனுப்பினார்கள். கட்டத்தில் இருப்பதற்கெல்லாம் பதில் வந்தது. மெக்னீசியத்துக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை யாரும் கேட்கவில்லை. கேட்காததை லேப் சொல்லவில்லை. சீட்டின் அடியில் இருந்த வெற்றுக் கோட்டில் மேடம் பெரிய எழுத்தில் எழுதி, எலும்பு டாக்டருக்குப் போன் செய்தார்.

"ஆறு பாட்டில் உள்ள போயிருக்கு டாக்டர். ஆமா, நோயாளியே சொன்னார். இல்ல, நம்பலாம், நானே அவ்வளவு சரியா சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம். இன்னிக்கே பாக்கணும்."

மூன்று மணிக்குப் பதில் வந்தது. ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்தது ஒன்று புள்ளி ஏழு இருக்க வேண்டும். டிரைவரிடம் பூஜ்யம் புள்ளி ஒன்பதுதான் இருந்தது. கால்சியமும் குறைவு.

எலும்பு டாக்டரே நேரில் வந்தார். மேடம் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டருக்கும் டிரைவருக்கும் மனைவிக்கும் சிஸ்டருக்கும் ஒரே பாஷையில் விளக்கினார்.

சிறுநீரகம் ஒரு விநோதமான வேலைக்காரன். ரத்தத்தில் இருக்கிற உப்பையெல்லாம் முதலில் வெளியே கொட்டிவிடும். பிறகு மெல்லிய குழாய்களின் வழியாக ஓடவிட்டு, வேண்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்ளும். காலையில் ஒரு முறை போடும் அந்த மருந்து, அமிக்காசின், கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன். ஆனால் அது சிறுநீரகத்தின் குழாய்களில் தங்கி, மெக்னீசியத்தைப் பொறுக்கி எடுக்கும் இடத்தைக் கெடுத்துவிடும், எல்லாருக்கும் இல்லை, சிலருக்கு. மெக்னீசியம் சிறுநீரோடு ஒழுகும். எட்டு மணி நேர மருந்தும் தன் பங்குக்குச் சும்மா இல்லை. சிறுநீரில் வெளியேறும்போது துணைக்குக் கொஞ்சம் பொட்டாசியத்தைக் கூட்டிக்கொண்டு போகும்.

"இப்ப முக்கியமான எடம்," என்றார் மேடம். ஸ்டூலை இன்னும் அருகில் இழுத்தார். "அந்தக் குழாயோட கடைசிப் பகுதியில, பொட்டாசியம் வெளிய போறதுக்குன்னு குட்டிக் குட்டிக் கதவுங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கதவு. ஒவ்வொரு கதவுக்கும் உள்பக்கம் ஒரு துளி மெக்னீசியம் வந்து வந்து அடைச்சுக்கிட்டு நிக்கும். அதனால பொட்டாசியம் அளவாத்தான் வெளிய போகும். மெக்னீசியம் இல்லன்னா கதவு தொறந்தே கெடக்கும். நாம மேல ஊத்த ஊத்த, அது கீழ போயிட்டே இருக்கும்."

டிரைவர் யோசித்தார். "பின்வாசல்ல கண்டக்டர் இல்லாத பஸ்ஸு மாதிரி. முன்னாடி எத்தனை பேரை ஏத்தினாலும், பின்னாடி இறங்கிட்டே இருப்பான்."

மேடம் அவரையே பார்த்தார். "இருபது வருஷமா இதை மாணவங்களுக்குப் படம் போட்டு விளக்கறேன். இது எனக்குத் தோணவே இல்ல. இனிமே இதைத்தான் சொல்லப் போறேன்."

"அப்ப கால்சியம்?" என்றார் மனைவி. பாதி விளக்கத்தோடு விட்டுவிடுகிறவர் இல்லை அவர்.

"கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு. கால்சியம் குறையறப்ப அதை ஏத்தச் சொல்லி அதுதான் உத்தரவு அனுப்பும். மெக்னீசியம் இல்லன்னா அந்த சுரப்பி உத்தரவு அனுப்பறதையே நிறுத்திடும். ஒரு ஆள் லீவு போட்டதுல ரெண்டு டிபார்ட்மென்ட் படுத்துடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த மருந்து ஆரம்பிச்ச முதல் வாரமே நான் மெக்னீசியம் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு."

எலும்பு டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும்தான் கேக்கல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்த விதத்திலிருந்து, அந்த வார்டில் அது அடிக்கடி கேட்கிற வாக்கியம் இல்லை என்று டிரைவருக்குப் புரிந்தது.

நான்கு மணிக்கு மெக்னீசியம் ஏறத் தொடங்கியது. நல்ல நரம்பாகப் பார்த்து இன்னொரு ஊசி போட்டிருந்தார்கள். மெக்னீசியம் எரியவில்லை, வெயிலில் நின்றுவிட்டு வந்ததுபோல உடம்பு இதமாகச் சூடானது. சிஸ்டர் அடிக்கடி வந்து, ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டி, நல்ல கால் துள்ளுகிறதா என்று பார்த்தார். மெக்னீசியம் அதிகமாகிவிட்டால் அந்தத் துள்ளல் போய்விடுமாம். தாளில் ஒரு புதுக் கோடு கிழித்து, 'இறங்கியது' என்று தலைப்பு எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை காலை பொட்டாசியம் மூன்று புள்ளி ஒன்று. முந்தைய நாள் ஏற்றியது இரண்டே இரண்டு பாட்டில். ஆறு பாட்டில் செய்யாததை இரண்டு பாட்டில் செய்திருந்தது.

"ஏறுது," என்றார் மனைவி. எண் எழுதிய சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, பிசிறு இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று புள்ளி ஆறு. இதயக் காகிதத்தில் அந்தக் குட்டி அலை இல்லை. டிரைவர் தலையணையைத் தானே எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டார். எடுத்த பிறகுதான், எடுத்துவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு எலும்பு டாக்டர் வந்தபோது அவருக்குப் பின்னால் மேடமும் வந்தார். அன்று புதனும் இல்லை, சனியும் இல்லை. டாக்டர் கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். காய்ந்திருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து மேடத்திடம் கேட்டார்.

"இன்னும் பதினோரு நாள் மருந்து போகணும். போகலாமா?"

மூன்று வாரமாக அந்தக் கட்டிலைச் சுற்றி உத்தரவுகளைத்தான் டிரைவர் கேட்டிருந்தார். கேள்வி இப்போதுதான் முதல் முறை. மேடம் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் டிரைவர் தன் நெஞ்சு ஒழுங்காக, ஒன்றுவிடாமல் துடிப்பதைக் கேட்டார்.

"போகலாம். ஆனா அமிக்காசின் இன்னும் நாலு நாள் மட்டும் போதும், எலும்புக்குத் தேவையானது கிட்டத்தட்ட போயாச்சு. அப்புறம் மத்தது மட்டும் ஓடட்டும். தினம் காலையில மூணு உப்பும் பாக்கணும். மெக்னீசியத்தை, மருந்து நிறுத்தினதுக்கப்புறமும் ரெண்டு வாரம் பாக்கணும், ஏன்னா கெட்டுப்போன எடம் உடனே சரியாகாது. அமிக்காசின் காதையும் தொடும். அதனால இன்னிக்கே காது பரிசோதனை. மூணுல எது இறங்கினாலும் எனக்குப் போன் வரணும், என்னிக்கா இருந்தாலும்."

"எழுதிக் கொடுங்க," என்றார் டாக்டர்.

"என் காலு?" என்று டிரைவர் கேட்டார். யாராவது அதை வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்க வேண்டியிருந்தது.

டாக்டர் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினார். "உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கெதுக்கு அது?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே நீவிவிட ஒரு விரிப்பும் இல்லை. வெறும் கண்ணாடியைத்தான் முந்தானையால் துடைத்தார், வெகு நேரம்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு புதுத் தாளை எடுத்து, பதினோரு நாட்களுக்கும் தேதியை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் மூன்று கட்டங்கள் போட்டார். அளவுகோல் இல்லாமல் போட்ட கோடுகள் அவ்வளவு நேராக இருந்தன. டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல சாலையில் நல்ல டிரைவர் வண்டி எடுக்கும்போது பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"மேடம், இந்தக் கதவு இருக்குல்ல," என்றார். "மெக்னீசியம் இல்லாதப்ப தொறந்து கெடக்கற கதவு. அது எவ்வளவு பெருசு இருக்கும்?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். வேலை பாக்கி இருந்தது, அடுத்த கட்டில்காரர் காத்திருந்தார். ஆனாலும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நல்லா கேட்டீங்க," என்றார். "உங்க தலைமுடி ஒண்ணை எடுத்துக்கோங்க."